பதினேழாவது உருவம்

ஜனவரி 6, திங்கள்

இந்தப் பாறை ஓவியங்களின் வயது என்ன? என்னிடம் கொடுத்திருக்கும் படிவத்தின் முதல் கேள்வி இது. எனக்குப் பதில் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துப் பாறையில் தீட்டியதற்கு வயது கணிக்க என்னிடம் இன்றும் வழியில்லை, அன்றும் இருக்கவில்லை. ஆனால் செங்குமலை இயற்கைப் பூங்காவின் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நிற்கிறது: '4000 ஆண்டுகள் பழமையான ஓவியங்கள்.' அடியில் சின்ன எழுத்தில், 'ஆய்வு: முனைவர் க. சுகுணா.'

நான்தான்.

இருபத்துநான்கு வருஷங்கள் கழித்து வந்திருக்கிறேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வலது முழங்கால் வீங்கிவிட்டது. வனச்சரகர் எபினேசர் ஜீப்போடு காத்திருந்தார். திருநெல்வேலிக்காரர், நாற்பதுக்குள். தேவையில்லாமல் பேசாத ஆள். அது எனக்கு வசதி.

விஷயத்தைப் போகும் வழியிலேயே சொன்னார். டிசம்பர் 22 அன்று ஒரு சுற்றுலாப் பயணி செல்போனில் எடுத்த படம். ஓவியப் பொடவில், அதாவது அந்தப் பாறைக் குகையில், பூங்காவின் தற்காலிகக் காவலர் ஒருவர் சிரட்டையில் வெள்ளை மண்ணைக் குழைத்து, பழைய மனித வரிசையின் கடைசியில் புதிதாக ஓர் ஆளை வரைந்துகொண்டிருக்கிறார். படம் எங்கெங்கோ சுற்றிவிட்டது. தொல்சின்னத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. வேலையிலிருந்து நிறுத்தி, சீருடையையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள்.

"ஒங்க ஆராய்ச்சில பதினேழு உருவம்னு போட்டிருக்கு. நான் போய் எண்ணிப் பாத்தேன் மேடம், இருபத்துமூணு நிக்கி. ஆறும் அவர் வேலதான்னு சொல்லுதாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்ன நெனைக்க? வரிசை மொத்தமும் நாலாயிரம் வருசம்னா, அது மேல கை வச்சது குத்தம். ஜெயில் வரைக்கும் போவும். அப்படியில்லன்னா கதை வேற. நீங்க எழுதுறதுதான். சனிக்கிழமை சென்னையிலேருந்து அதிகாரி வாராரு. பொங்கலுக்கு முன்னால கோப்பை மூடணுமாம்."

காவலரின் பெயர் மசணன். எங்கோ கேட்ட பெயர்போல இருந்தது.

ஜீப்பின் கதவில் பூங்காவின் சின்னம். நுழைவுச்சீட்டிலும், விருந்தினர் விடுதியின் தேநீர்க் கோப்பையிலும் அதேதான்: தலையில் பெரிய உருண்டையான அணியோடு, ஒரு கையை உயர்த்தி நிற்கும் வெள்ளை மனிதர். வரிசையில் பதினேழாவது ஆள். 'தலையணி தரித்த பூசாரி' என்று பெயர் வைத்தது நான். ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அவரைப் பற்றித்தான். அந்த ஆய்வேடு இப்போது நூலாக வருகிறது. அட்டையிலும் அவரே. அச்சுப்படிகள் பையில் இருக்கின்றன. இருபதாம் தேதிக்குள் பிழை திருத்தி அனுப்ப வேண்டும்.

பையின் அடியில் 2001-ஆம் வருஷத்துக் களக் குறிப்பேடும் இருக்கிறது. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

விடுதியைக் கவனிக்கும் சரசு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "குழாயத் தொறந்து உட்டுட்டு வராதீங் மேடம். கொரங்கு வந்து உக்காந்து குளிக்கும்" என்றாள். வேடிக்கை என்று நினைத்தேன். சாயங்காலம் முற்றத்துக் குழாயடியில் இரண்டு குரங்குகள் இருந்தன.

தைராய்டு மாத்திரை போடவில்லை. நாளை காலை.

ஜனவரி 7, செவ்வாய்

பொடவுக்கு ஏறினேன். எபினேசரும் கூட வந்தார். அப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிய பாதை. இன்று மூன்று மணி நேரம். அதில் அரை மணி நேரம் ஒரு காட்டெருமைக்காக நின்றது. பாதையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. கோபமோ பயமோ இல்லாத, அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் பார்வை. அது நகர்ந்த பிறகும் எபினேசர் கொஞ்ச நேரம் அசையவில்லை. நவம்பரில் இதே பாதையில்தான் ஒரு காவலரை யானை அடித்ததாம். ரங்கன் என்று பெயர் சொன்னார். மசணனின் தம்பி.

பொடவு அப்படியேதான் இருக்கிறது. மேலே மான்கள், ஒரு யானை, என்னவென்று சொல்ல முடியாத சில கோடுகள். கீழே இடுப்புயரத்தில் கைகோத்த மனிதர்களின் வரிசை. ஆய்வேட்டில் 'கூட்டு நடனம்' என்று எழுதியிருக்கிறேன். மூன்று முறை எண்ணினேன். இருபத்துமூன்று.

முதல் ஒன்பது பேரின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படர்ந்திருக்கிறது. எங்கள் கைங்கரியமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் படம் எடுப்பதற்கு முன் பாறையில் தண்ணீர் தெளிப்போம். மங்கிய நிறம் எடுப்பாகத் தெரியும். காய்ந்ததும் பாறையின் உப்பு மேலே வந்து பூக்கும். அப்போது எல்லோரும் செய்தார்கள், பேராசிரியரும் சொல்லித்தான் கொடுத்தார். இன்று என் மாணவி யாராவது செய்தால் முகாமை விட்டே அனுப்பிவிடுவேன்.

அந்த வருஷம் இரண்டு முறை வந்தேன், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். பிப்ரவரியில் எடுத்த பிலிம் சுருள்கள் ஈரத்தில் கெட்டுப்போயின. மறுபடி எல்லாவற்றையும் எடுத்தது ஆகஸ்டில். ஆய்வேட்டில் உள்ள படங்கள் யாவும் ஆகஸ்டு மாதத்தவை.

தண்ணீர் கீழே ஓடையிலிருந்துதான் வர வேண்டும். தூக்கி வர ஒரு பெண் இருந்தாள். பஸ் நிலையக் கடையில் நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் குடம். தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு நடை. "பாறைய எதுக்குங்க குளிப்பாட்டறீங்க? சளி புடிச்சுக்காதுங்ளா?" என்று கேட்பாள். நான் சிரிக்க மாட்டேன். அளவெடுத்துக்கொண்டிருப்பேன். அதற்கும் ஏதாவது சொல்வாள். பெயர் நினைவில்லை.

பதினெட்டு முதல் இருபத்துமூன்று வரையுள்ள உருவங்கள் படிப்படியாக வெளுப்பு கூடி வருகின்றன. ஒரே நாளில் ஒரே ஆள் வரைந்தவை அல்ல. கையும் வேறு வேறு. இதை எழுதிவிடலாம், சிக்கலில்லை.

பதினேழாவது உருவம், தன் இடப்புறத்துப் பதினாறைவிட வலப்புறத்துப் பதினெட்டையே ஒத்திருக்கிறது. படிவத்தில் இதை எழுத இடம் இல்லை.

ஜனவரி 8, புதன்

முழங்காலால் எங்கும் போகவில்லை. நான்காம் அத்தியாயம் பிழை திருத்தி முடித்தேன், ஐந்தாவது நாளைக்கு.

ஜனவரி 9, வியாழன்

காலையில் மசணன் வீட்டுக்குப் போனேன். பதி, அதாவது அவர்களுடைய மலைக் குடியிருப்பு, சரிவில் பதினெட்டு வீடுகள், ஒரு அங்கன்வாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி. சாட்சியைத் தனியாகப் பார்ப்பது முறைதானா என்று எபினேசரிடம் கேட்டேன். "சாட்சின்னு யாரச் சொல்லுதீங்க மேடம்?" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

மசணன் காட்டுப்பன்றிக்காக வேலி கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். தாடி நரை. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டீங்ளா அம்மிணி? மொழங்காலு நோவுதுங்ளா? அந்த மேட்டுல எறங்கறப்பவே பாத்தேன். ஒரு காலு இழுக்குது."

"வயசாச்சு இல்லையா."

"உங்குளுக்கா? அப்ப நாங்கெல்லாம் எங்க போறதுங்க?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சுவரில் பூங்காவின் நாட்காட்டி. தலையணி மனிதரின் படம் பெரிதாகப் போட்ட நாட்காட்டி, 2019-ஆம் வருஷத்தது. கிழிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். அவருடைய மகள் என்றார். இருபத்தைந்து வயதிருக்கும். நான் இங்கே வந்த வருஷம் கைக்குழந்தையாக இருந்திருப்பாள். முகத்தை அதிகம் பார்க்கவில்லை.

ஏன் வரைந்தீர்கள் என்று கேட்டேன். வேறெப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ரங்கன் எந்தம்பிங்க. ட்யூட்டில இருக்கறப்ப ஆனை அடிச்சுப்போட்டுது. பதியில செத்தா ஒண்ணுமில்லீங்க. வெளிய போயிச் செத்தா வூட்டுக்கு வழி தெரியாது. அதுக்குத்தான் நாப்பதா நாளு வரிசையில கொண்டி நிறுத்தி, முன்னால இருக்கறவங்க கையப் புடிக்க வெச்சு உட்டுர்றது. அவிங்க கூட்டிட்டு வந்துருவாங்க."

"மத்த அஞ்சு பேர்?"

விரல் விட்டுச் சொன்னார். தேன் எடுக்கப் போய் விழுந்தவர். கரும்பு வெட்டப் போன இடத்தில் லாரி அடித்த புருஷன், பெண்சாதி. கீழே ஆஸ்பத்திரியில் இறந்த ஒரு கிழவர். கொரோனாவில் ஒருவர், அவருடைய உடம்பைக்கூட இவர்கள் பார்க்கவில்லை. "எல்லாம் நான் வரையலீங்க. அவங்கவங்க வூட்டாளு வரையோணும்."

"இதை விசாரணையில சொல்லலையா?"

"சொன்னனுங்க. நாலாயிரம் வருசம்னு பொஸ்தகத்துல இருக்குது, நீ இப்ப வந்து கதை உடறயான்னாங்க. நான் சொன்னேன், பொஸ்தகம் எழுதுன அம்மிணி வரட்டும், அவிகளுக்குத் தெரியும். அன்னிக்கே அவிககிட்டச் சொல்லியிருக்கறேன்னு."

டீயில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

"அம்மிணி, எழுதுனீங்கல்ல? அன்னிக்கு நான் சொன்னத?"

குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பொய்யில்லை. எழுந்தபோது முழங்காலைக் காரணம் காட்டி வேகமாக வெளியே வந்தேன். முற்றத்தில் கழுத்தை அறுத்த ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மிளகாய்ச் செடி. வெயிலில் வெளுத்து நிறமே தெரியவில்லை.

அதே நாள், மாலை 4 மணி

குறிப்பேட்டைத் திறந்தேன். அதில் இருப்பதை அப்படியே படியெடுக்கிறேன்.

'11.2.2001. கைகோத்த வரிசை. உருவங்கள் 16. மும்முறை எண்ணப்பட்டது.' இந்தப் பதினாறு அடிக்கப்பட்டு, மேலே பதினேழு என்று எழுதப்பட்டிருக்கிறது. வேறு மை.

'19.8.2001. உருவங்கள் 17. கடைசி உருவம் மிகத் தெளிவு. மசணன் கூறியது: இது மருதி. ஆனி மாதம் காய்ச்சலில் கீழே ஆஸ்பத்திரியில் இறந்தாள். குடத்தோடு வரைந்தேன், அப்படித்தான் எல்லாருக்கும் அவளை அடையாளம் தெரியும்.'

அதன் கீழே கோடு போட்டு, என் கையெழுத்தில்: 'தகவலாளி கூற்று. நம்பத்தக்கதல்ல. பிப்ரவரி எண்ணிக்கையில் பிழை. 17 எனத் திருத்துக.'

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். பெயர் நினைவிருக்கிறது. திங்களன்று மசணன் பெயரை எங்கோ கேட்டதுபோல என்று எழுதியதும் பொய். அவர்கள் வீட்டில் பதினொரு நாள் சாப்பிட்டிருக்கிறேன். மருதி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் தூக்குவாள்.

பேராசிரியர் தலையில் போட்டு எழுதலாமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் காட்டும் முன்பே நான் திருத்திவிட்டேன். ஆறு மாதத்தில் ஓர் உருவம் கூடும் என்பதைவிட நான் தப்பாக எண்ணினேன் என்பது சுலபமாக இருந்தது. என்னைச் சந்தேகித்துக்கொண்டேன், அதற்கு ஆய்வு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பிரகாசமான வெள்ளைக்கு, 'பாறை விளிம்பின் பாதுகாப்பால் சிதையாமல் நின்றது' என்று காரணம் எழுதினேன். உருண்டையான வடிவமும் மேலே குறுகிய கழுத்தும், அதைத் தொடும் கையும்: 'அதிகாரத் தலையணி.' இருபத்தெட்டுப் பக்கம், ஒப்பீட்டுப் படங்களோடு.

வரிசையில் எல்லோருக்கும் இரண்டு கையும் பிணைந்திருக்க, இவருக்கு மட்டும் ஒரு கை ஏன் மேலே இருக்கிறது என்பதற்கே நான்கு பக்கம். பதினெட்டாவது ஆள் கை கிடைக்காமல் அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைதான் அதைப் பார்த்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

துணி துவைத்தேன். குரங்கு ஒரு சாக்ஸை எடுத்துப் போய்விட்டது. சரசு அரை மணி நேரம் திட்டிப் பார்த்தாள். "போடி, உங்காலுக்குச் சேரவா போவுது?" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினாள். அது சாக்ஸைக் கையில் மாட்டிப் பார்த்தது. இந்த நான்கு நாளில் அப்போதுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இரண்டு பக்கம்தான். பதினேழாவது உருவம் 2001 பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மசணனால் வரையப்பட்டது, குடம் சுமக்கும் மருதி என்ற பெண், அது எனக்கு அப்போதே சொல்லப்பட்டது, நான் மறைத்தேன். 'பதிவு செய்யத் தவறினேன்' என்று முதலில் எழுதி, அதை அடித்தேன். வரிசை இன்றும் வரையப்பட்டு வருகிறது. இது சேதம் அல்ல. சேதம் என்று சொல்ல வேண்டுமானால் முதல் ஒன்பது உருவங்களின் மேலுள்ள உப்புப் படலத்தைச் சொல்லலாம். அது என்னால் வந்தது.

வயது என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை.

மதியம் எபினேசர் வந்தார். வாசலில் நின்றபடியே படித்தார். தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த படத்தை ஒரு முறை பார்த்தார்.

"அப்ப இது குடமா மேடம்?"

"குடம்தான்."

"ஏழு வருசமா போட்டிருக்கேன். எங்க வீட்டுப் பிள்ளைங்க இத விண்வெளிக்காரன்னு சொல்லும்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதக் குடுத்தா ஒங்க பேரு என்னாவும்?"

"தெரியலை."

"புஸ்தகம் வருதுன்னீங்களே."

"வரட்டும். அஞ்சாவது அத்தியாயம் இல்லாம." பதிப்பாளருக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தேன். அட்டை அச்சாகிவிட்டதாம். கத்தினார். பிறகு, சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

நாளை பத்து மணிக்குப் பொடவில் விசாரணை. என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். சென்னை அதிகாரி கோபப்படுவார். அறிக்கையை ஏற்க மறுப்பார். மூலக் குறிப்பேடு எங்கே என்று கேட்பார், கொடுப்பேன். மசணனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு என்னைத் திட்டலாம், அல்லது நன்றி சொல்லலாம். நன்றி சொன்னால்தான் எனக்குக் கஷ்டம். இரண்டுக்கும் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, சனி

நடந்ததை எழுதுகிறேன்.

அதிகாரி குலசேகரன் கோபப்படவில்லை. என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஏறி வந்த களைப்பில் பேச்சே வரவில்லை. மூச்சு வாங்கி முடித்ததும் முதலில் சொன்னது: "உங்க அஞ்சாவது அத்தியாயத்தைப் படிச்சுத்தான் மேடம் நான் எம்.ஏ. எழுதினேன். முதல் மார்க்கு." அறிக்கையைக் கொடுத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய்ப் பதினேழாவது உருவத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். திரும்பியபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை பேரோட பேர் தெரியும் உங்களுக்கு?" என்று மசணனைக் கேட்டார்.

மசணன் கடைசியிலிருந்து தொடங்கினார். ரங்கன். அவனுக்கு முன்னால் கொரோனாவில் போனவர். ஒவ்வொருவரின் முன்னும் நின்று, தொடாமல், பெயரும் இறந்த இடமும் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழில், "மருதிங்க" என்றார். அதற்கும் அதே குரல்தான். பதினாறு, பதினைந்து என்று போய், எட்டாவது ஆளிடம் நின்றார்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பனுக்கும் தெரியாது. அவிங்களுக்கு அவிங்களத் தெரியும்."

படிவத்தின் வயது என்ற இடத்தில், 'முதல் எட்டு உருவங்கள்: தெரியாது. மற்றவை: பட்டியல் இணைப்பு' என்று எழுதினேன். குலசேகரன் அதைப் பார்த்து, "தெரியாதுன்னு எழுத அஞ்சு மணி நேரம் பஸ்ஸில வந்தீங்களா மேடம்?" என்றார். கேலிதான். ஆனால் அடிக்கச் சொல்லவில்லை.

பிறகு குறிப்பேட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஆகஸ்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். படிக்கப் போகிறார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'தகவலாளி கூற்று. நம்பத்தக்கதல்ல.'

"தகவலாளின்னா ஆருங்க?" என்றார் மசணன்.

"நீங்க."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு எழுதுனீங்ளா?"

"ஆமா. அப்படித்தான் எழுதினேன்."

மசணன் பாறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குடத்தப் பாத்துமா?"

பொடவின் மேலே குரங்குகள் குதித்துப்போய், கொஞ்சம் மண் கொட்டியது. குலசேகரன் குறிப்பேட்டை மூடினார்.

அவர் எழுதியது: சேதம் ஏதும் இல்லை, வழக்கைத் திரும்பப் பெறப் பரிந்துரைக்கிறேன். ஆனால் முடிவு சென்னையில். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வாசல் பலகையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அடுத்து யாராவது பதிக்கு வெளியே இறந்தால் வரைய விடுவீர்களா என்று மசணன் கேட்டதற்கு, "அது என் கையில இல்லை" என்றார். எபினேசர் மட்டும், "அது என் கையில இருக்கு. காலையில வெள்ளனே வந்துட்டுப் போயிருங்க, பார்வையாளர் நேரத்துக்கு முன்ன" என்றார், யாரையும் பார்க்காமல்.

கீழே இறங்கியதும், அலுவலகத்திலிருந்து தொப்பியை எடுத்து வந்து மசணனிடம் நீட்டினார். "பொங்கல் கழிச்சு ட்யூட்டிக்கு வந்துரும், என்ன? உத்தரவு வாரப்ப வரட்டும்."

மசணன் அதை வாங்கினார். தலையில் வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸுக்காக நான் நின்ற இடத்துக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மிணி, இத மாத்திப்போடுவாங்ளா?"

"எதை?"

"இந்தப் படத்த. பழசில்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. வேற மானோ ஆனையோ போட்டுருவாங்ளா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. நான்கு நாளாக அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுப்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது என் பிழை.

"தெரியலை. மாத்தலாம்."

"வேண்டாம்னு ஒரு வார்த்த எழுதிப்போடுங்க. ஜீப்பு, சீட்டு, அங்க இங்கன்னு நாலு பக்கம் இருக்கறா. எம்புள்ள அவ அம்மாளோட மூஞ்சியப் பாத்தது இல்லீங்க, போட்டோ எதுவும் கெடையாது. இதக் காட்டித்தான் வளத்துனேன்."

போட்டோ. பிப்ரவரியில் எடுத்த சுருள்களில் மூன்றோ நான்கோ படங்களில் அவள் இருந்தாள், குடத்தோடு. பாறையின் அளவு தெரிவதற்காக நிற்க வைத்தேன். அந்தச் சுருள்கள் கெட்டுப்போனதாகத்தான் சொன்னேன். பதினாறு பேர் மட்டும் நிற்கும் படங்கள் ஆய்வுக்கு உதவாது என்பதால் அவற்றைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை. வீட்டில் பழைய பெட்டியில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

படிவத்தின் ஒரு நகல் கையில் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, பைமேல் வைத்து எழுதினேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் அவருடைய சொல்லிலேயே எழுதினேன். 'வளர்த்தேன்' என்று எழுதப் போன கையைத் திருப்பி, 'வளத்துனேன்' என்றே எழுதினேன். கீழே 'சொன்னவர்: மசணன், மருதியின் கணவர்.' அவர் ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எபினேசர் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

மசணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலி பாதியில் நிற்கிறது என்று போனார்.

இரண்டு நாற்பது பஸ் மூன்றேகாலுக்கு வந்தது. நின்றபடி பாதி தூரம். முழங்கால் இப்போது பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். சுருள்கள் ஐந்தும் இருக்கின்றன. ஒன்றின் மூடியில் பூஞ்சை. மற்றவை எப்படி என்று தெரியவில்லை. இப்போதும் பிலிம் கழுவும் கடை ஒன்று திறந்திருக்கிறது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.